மூன்று மணிக்கு வடித்த சோறு

1

சபைச் செய்திமலர் பொறுப்பாளருக்கும், ஊரில் இதை வாசிக்கும் எல்லாருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் நம் சபையார் அன்றாட வாழ்வில் கிறிஸ்துவுக்கு எப்படிச் சாட்சியாக இருக்கிறார்கள் என்று இரண்டு பக்கம் எழுதி, ஒரு போட்டோவும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். பின்னால் உயரமான கட்டடம் தெரிய நின்றால் நன்றாக இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். போட்டோ அனுப்பவில்லை. இரண்டு பக்கத்தில் முடியவும் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவன் என்பது உங்களுக்குத் தெரியும். வாலிபர் கூட்டத்தில் வசனம் சொல்லும் முறை என்னிடம் வந்தபோது, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய், கூட்டம் முடியும்வரை அடிபம்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். எழுதுவது அவ்வளவு கஷ்டமில்லை. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். வீட்டுக்கு எழுதியும், தொழிலாளர் விடுதியான டார்மிட்டரியில் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தும் கை பழகிவிட்டது.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று மூன்று வாரம் பார்த்தேன். ஆறவில்லை.

2

சிங்கப்பூரில் பதினாறு வருடம் கட்டட வேலை செய்தேன். அத்தனை வருடமும் மதியம் தின்றது கேட்டரிங் சாப்பாடு. ஏதோ ஓர் அடுப்படியில் நடுச்சாமம் தாண்டிச் சமைத்து, விடியுமுன் கிராஞ்சியில் எங்கள் டார்மிட்டரி வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். ஐந்து மணிக்கு அவரவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறுவோம். சைட்டில் ஏதாவது ஓர் ஆணியில் பையை மாட்டிவிட்டு வேலைக்குப் போனால், பன்னிரண்டு மணிக்குத்தான் திறப்பது. அதற்குள் வெயில் அதை இன்னொரு முறை சமைத்திருக்கும். சாம்பார்ப் பை பந்துபோல் உப்பியிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு முடிச்சை அவிழ்ப்போம். சோற்றைத் தண்ணீர்விட்டு அலசித் தின்றவர்களும் உண்டு.

என் முதுகு போன பிறகு, இங்கே கேட்டரிங் அடுப்படி நடத்தும் நம் ஊர் அண்ணாச்சிதான் கைகொடுத்தார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. நம் கோயில் வாசல் வளைவுக் கல்லில் வெட்டியிருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் அவருக்குச் சால்வை போர்த்திய போட்டோவை நீங்கள்தான் முதல் பக்கத்தில் போட்டீர்கள்.

தேக்காச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ்ச் சபையில், ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி தோளில் கை போட்டார்.

"ஏல, நீ ஊர்ல கோயில் அசன விருந்துக்கு ஆக்குனவன்தான? எதுக்கு அங்கன கெடந்து கம்பி சொமக்க? நம்ம அடுப்படிக்கு வந்துரு."

சமையல்காரன் என்று வேலை பெர்மிட்டை மாற்றித் தந்தார். மருத்துவச் சோதனைக்கு அவரே கூட்டிப்போனார். அன்று ராத்திரி நான் முழங்காலில் நின்று அழுதேன். செய்த நன்மையை மறைத்து எழுதினால் அதுவும் பொய்தான். அதனால் எழுதுகிறேன்.

உணவுச் சுத்தம் பற்றி ஒரு வகுப்புக்கும் அனுப்பினார்கள். தமிழில் நடத்தினார்கள். சமைத்த சாப்பாட்டை ஏன் நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று வாத்தியார் கேட்டார். என் வாழ்நாளில் முதல் தடவையாக நானே கையைத் தூக்கினேன். புத்தகத்தில் இருந்த பதில் எனக்கு மறந்துவிட்டது. "பை உப்பும் சார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. "நீங்க அதைத் தின்னுருக்கீங்க" என்றார்.

அடுப்படியில் என்னிடம் ஒரு ரப்பர் ஸ்டாம்பு கொடுக்கப்பட்டது. விரலால் சக்கரத்தை உருட்டினால் மணி மாறும். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஸ்டிக்கர் ஒட்டி, சமைத்த மணியையும், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் அதில் குத்த வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்குச் சோறு வடித்தோம். ஒன்பது என்று குத்தினோம். ஒன்பதிலிருந்து நாலு மணி நேரம் என்றால் ஒரு மணி. மதியம் சைட்டில் யாராவது பொட்டலத்தைப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும்.

ஆனால் அது ஆட்கள் கைக்கு வருவது காலை ஐந்து மணிக்கு.

வேலை மாறியும் நான் தங்குவது அதே டார்மிட்டரியில்தான். என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலில் படுப்பவன் முருகேசன். புதுக்கோட்டைக்காரன். சாரம் கட்டுகிறவன். நான் படுக்குமுன் ஜெபிப்பதைப் பார்த்து எனக்கு ஃபாதர் என்று பெயர் வைத்தவன் அவன்தான். ஒரு நாள் லாரியில் ஏறுமுன் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தானாம். வேலை முடிந்து வந்ததும் கேட்டான்.

"ஃபாதரே, விடியக்காலம் அஞ்சு மணிக்கு என் கையில சோறு இருக்கு. ஒம்பது மணிக்குச் சமைச்சதுன்னு போட்டிருக்கு. இன்னும் சமைக்காத சோத்தையே கொண்டாந்து குடுத்துட்டீங்க. ஒங்க ஆளுங்க அற்புதம் அற்புதம்னு சொல்றது இதத்தானா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

3

என் மகன் ஜோயலைப் பற்றி ஊரில் என்ன பேசுகிறீர்கள் என்று தெரியும். சென்னைக்கு வேலைக்குப் போனதிலிருந்து கோயிலுக்குப் போவதில்லை. பண்டிகைக்கு வந்தால்கூட வளைவுக்கு வெளியே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கூட்டாளிகள் கெடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். கூட்டாளிகள் கெடுக்கவில்லை.

அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே நான் இங்கே வந்துவிட்டேன். அவனை வளர்த்ததெல்லாம் போனில்தான். என்ன பேசுவது என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. "சாப்பிட்டியா, கோயிலுக்குப் போனியா" என்று கேட்பேன். ஒரு நாள் வேறு பேச்சு கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் ஸ்டாம்பைப் பற்றிச் சொன்னேன்.

"இத்தன பேரு இருந்தும் ஸ்டாம்ப என் கையிலதான் குடுத்திருக்காவ" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"மூணு மணிச் சோத்துக்கு எதுக்குப்பா ஒம்பது மணி?"

"எல்லா எடத்துலயும் அப்படித்தாம்ல."

அவன் மெதுவாகக் கேட்டான். "ஜெபம் பண்ணிட்டுத்தான் குத்துவீங்களாப்பா?"

ஆமாம். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் குத்துவேன். அடுப்புப் பற்ற வைக்குமுன் அண்ணாச்சி போனில் ஒரு ஜெபம் அனுப்புவார். அதைக் கேட்டு எல்லாரும் ஆமென் சொல்லுவோம். மூன்று மணிக்குச் சோறு வடித்துவிட்டுச் சக்கரத்தை ஒன்பதுக்கு உருட்டுவேன். அதை அவனிடம் சொல்ல முடியாமல் போனை வைத்துவிட்டேன்.

நான் இங்கே குடிப்பதில்லை. சீட்டு ஆடுவதில்லை. வெள்ளிக்கிழமை ஒரு நேரம் உபவாசம். அறையில் சினிமாப் பாட்டு சத்தமாக வைத்தால் வெளியே போய் உட்காருவேன். இதெல்லாம் சாட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்ட இரண்டு பக்கத்தையும் அப்போது கேட்டிருந்தால் இதைத்தான் எழுதியிருப்பேன். போட்டோவும் அனுப்பியிருப்பேன்.

4

நம் அசனப் பண்டிகையில் அண்டாவைத் திறக்குமுன் சபைப் போதகரான ஐயர் ஜெபிப்பதில்லை. தலைச் சமையல்காரர்தான் ஜெபிப்பார். இங்கே உள்ளவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அது வேண்டுதல்கூட இல்லை. உள்ளே இருப்பதைச் சொல்லுவதுதான். ஆண்டவரே, இது ஆட்டுக்கறி. அரிசி இன்னார் வீடு. விறகு இன்னார். பொழுது விடியுமுன் எறக்குனது. குறை இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வருடம், "உப்பு கொஞ்சம் கூடிட்டு ஆண்டவரே, பொறுத்துக்கிடும்" என்றார். பந்தலே சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் இரண்டாம் தடவை வாங்கித் தின்றார்கள். ஏனென்றால் அண்டாவில் என்ன இருக்கிறது என்று கடவுளுக்கும் தெரிந்துவிட்டது, நமக்கும் தெரிந்துவிட்டது.

நவம்பரில் முருகேசனுக்கு முடியாமல் போனது. சாரத்தின் மேலே நின்றபோதே வயிற்றைப் பிசைந்திருக்கிறது. கீழே இறங்குமுன் வாந்தி. அதே சைட்டில் இன்னும் ஆறு பேர். டாக்டர் இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்தார். நான்தான் அவன் கைலியை அலசிப் போட்டேன். சுண்ணாம்புச் சுவர்போல் வெளுத்துக் கிடந்தான். மேலே இருந்தபோது கால் வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேருமே பேசவில்லை.

"ஒன்னைய ஒண்ணும் சொல்லலண்ணே" என்றான். "நீ என்ன பண்ணுவ. சம்பளத்துக்கு நிக்கிறவன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அண்ணாச்சியிடம் போனேன். எப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"மூணு மணிச் சோறு மத்தியானம் வரைக்கும் தாங்காது அண்ணாச்சி. ரெண்டு நடையா ஆக்கலாம். மத்தியானச் சோத்த ஒம்பது மணிக்கு வடிச்சு சைட்டுக்கே கொண்டு குடுத்திரலாம்."

"வேனுக்கு எங்க போக? டிரைவருக்கு எங்க போக? இங்கன எல்லாவனும் இப்பிடித்தான் ஓட்டுதான்." பிறகு குரலை மென்மையாக்கிக்கொண்டு, "ஜெபத்துல வச்சிக்க டே. ஆண்டவரு பாத்துக்கிடுவாரு" என்றார்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் போனேன். இந்தத் தடவை அவர் வேனைப் பற்றிப் பேசவில்லை.

"ஒனக்கு பெர்மிட் எப்ப முடியுது?" என்று மட்டும் கேட்டார். நான் திரும்பிப் போய் ஸ்டாம்பை எடுத்தேன். ஒன்பது என்றே குத்தினேன். அன்றும், மறுநாளும், அதற்கடுத்த நாளும்.

5

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, சபையிலிருந்து எங்கள் டார்மிட்டரிக்கு வந்து அன்பு விருந்து கொடுப்பதாக ஏற்பாடு. சாப்பாடு அண்ணாச்சியின் காணிக்கை. முந்நூறு பொட்டலம் கோழி பிரியாணி.

ஞாயிற்றுக்கிழமை லாரிக்கு அவசரமில்லை. ஒன்பது மணிக்கே ஆக்கியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்து அடுப்பை அண்ணாச்சி வேறொரு கம்பெனி விருந்துக்குக் கொடுத்துவிட்டார். அதனால் எங்கள் பிரியாணி வழக்கம்போல மூன்று மணிக்கே இறங்கியது. வழக்கம்போல ஒன்பது என்று குத்தினேன். முந்நூறையும் நானே குத்தினேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ வீரன் மாதிரி ஆகிவிடும்.

முற்றத்தில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்தது. போதகர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மேடையில் சுத்தத் தமிழில் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். "இந்த உணவைச் சமைத்த சகோதரர் இதே இடத்தில் தங்கியிருக்கிறார் என்று அறிந்தேன். சமைத்தவரே ஜெபிக்கட்டும்" என்றார்.

நான் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.

அண்ணாச்சி முதுகில் தட்டித் தள்ளினார். "போ டே, ரெண்டு வார்த்த. கூச்சப்படாத." பிறகு போதகரிடம் திரும்பி, "நம்ம ஊர்ச் சபைப் பிள்ளைதான், பாஸ்டர்" என்றார்.

கையில் மைக்கைத் திணித்துவிட்டார்கள். கண்ணை மூடினேன். மூடியதும் யாரும் தெரியவில்லை. அது ஒரு உதவி. வாசனை மட்டும் வந்தது. மசாலாவுக்கு அடியில் ஒரு புளித்த வாடை. பதினாறு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மோந்த அதே வாடை. ஆண்டவரே என்றேன். அசன அண்டாவின் முன்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். வாய் தானாக அந்த முறையில் போனது.

"இது கோழி பிரியாணி, ஆண்டவரே. அரிசியும் கோழியும் அண்ணாச்சி குடுத்தது. ஆக்குனது நான். விடியக்காலம் மூணு மணிக்கு எறக்குனேன். ஸ்டிக்கர்ல ஒம்பதுன்னு இருக்கு. அதக் குத்துனதும் நான்தான். இப்ப பன்னண்டரை ஆகுது. தெனமும் இப்படித்தான் குத்துதேன். இதை ஆசீர்வதியும்னு கேக்க எனக்கு வாய் வரல. இந்தப் பிள்ளைகளுக்கு வயித்துக்கு ஒண்ணும் வரப்படாது. இயேசுவின் நாமத்துல, ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல் "ஆமென்!" என்று கத்தியது. முருகேசன். ஒவ்வொரு வருடமும் பழனிக்கு முடி இறக்குகிறவன்.

கண்ணைத் திறந்தபோது, பொட்டலம் கொடுக்க நின்ற ஒரு சபைப் பெண் இரண்டு கையையும் விரித்து வரிசையை மறித்துக்கொண்டிருந்தாள். "ஸ்டாப், ஸ்டாப்! யாரும் திறக்காதீங்க அங்கிள், வெயிட் லா!"

முன்வரிசையில் இருந்த ஒருவர் அவளைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார். "பரவால்லம்மா, குடுங்க. நாங்க தெனமும் இதத்தான திங்கிறோம்."

போதகர் ஒரு பொட்டலத்தைத் திறந்தார். மோந்து பார்த்தார். மூடினார். அங்கேயே, வெறும் தரையில், ஆட்களோடு உட்கார்ந்துவிட்டார். சுத்தத் தமிழ் ஒன்றும் வரவில்லை அவருக்கு. "தினமுமா?" என்று மட்டும் கேட்டார்.

சபையார் கடைக்கு ஓடி ரொட்டியும் வாழைப்பழமும் பிஸ்கெட்டும் வாங்கி வந்தார்கள். இந்தத் தடவை எங்கள் கிறிஸ்துமஸ் விருந்து அதுதான். சிலர் என் காதுபடவே திட்டினார்கள். "ஃபாதர் வாயில மண்ணு விழ. வருசத்துக்கு ஒரு தரம் பிரியாணி, அதுவும் போச்சு." அவர்கள் திட்டியதில் தப்பில்லை. சரியான நேரத்தில் ஆக்கிய பிரியாணியைத் தின்ன அவர்களுக்கு உரிமை உண்டு. அதை அண்ணாச்சியும் நானும் சேர்ந்துதான் பறித்தோம்.

6

திங்கட்கிழமை அண்ணாச்சி என் மேசையிலிருந்து ஸ்டாம்பை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை. மனசு நொந்தவர்போலத்தான் பேசினார்.

"மனுசன்கிட்ட சொல்லியிருக்கலாம்லா டே. ஜெபத்துலயா போட்டுக் குடுப்ப?"

"மனுசன்கிட்ட ரெண்டு மட்டம் சொன்னேன் அண்ணாச்சி" என்றேன். தரையைப் பார்க்கவில்லை. "ஜெபத்துல வச்சிக்கன்னு நீங்கதான் சொன்னிய."

என் பெர்மிட்டை ரத்து செய்ய எழுதிக் கொடுத்துவிட்டார். ஊருக்கு டிக்கெட் போட்ட நாள்வரை வெங்காயம் உரிக்கும் பகல் வேலை. போதகர் அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. பொட்டலம் இன்னும் ஐந்து மணிக்கு வாசலில் இறங்குகிறது. ஸ்டிக்கரில் இன்னும் ஒன்பதுதான். நான் ஒரு ஜெபம் செய்து உலகம் மாறிவிட்டது என்று உங்கள் மலரில் போட்டுவிடாதீர்கள்.

மாறியது எங்கள் அறை ஒன்றுதான். பன்னிரண்டு பேரும் அந்தப் பொட்டலத்தை நிறுத்திவிட்டார்கள். டார்மிட்டரி அடுப்பில் காலையில் நான் புளிச்சோறு கிளறுகிறேன். புளியும் நிலக்கடலையும் தேக்காவில் வாங்குகிறேன். நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி நன்றாகச் சுண்ட வைத்தால் கட்டுச்சோறு மத்தியானம்வரை கெடாது. நம் சனங்கள் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போனதுதானே. ஒவ்வொரு டப்பாவிலும் டேப் ஒட்டி மணியை எழுதுகிறேன். நாலே முக்கால் என்றால் நாலே முக்கால். முருகேசன் தினமும் தன் கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்க்கிறான். "இன்னைக்கு அற்புதம் ஒண்ணும் நடக்கல ஃபாதரே" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறுகிறான்.

ஜோயல் கூப்பிட்டான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "மைக்லயாப்பா சொன்னீங்க? நீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டான். கோயிலுக்குப் போனாயா என்று நான் கேட்கவில்லை. வைக்குமுன், "இப்பவும் ஜெபம் பண்ணிட்டுத்தான் சமைக்கிறீங்களா?" என்றான். அதே கேள்விதான். ஆனால் குரல் வேறு.

"ஆமால" என்றேன்.

இனி உங்களிடம் ஒன்று. இந்த வருடம் அசனத்துக்கு அரிசி முழுவதும் அண்ணாச்சியின் காணிக்கை என்று அறிவித்திருக்கிறீர்களாம். அந்த அரிசி எந்தச் சோற்றிலிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கேட்ட சாட்சி இதுதான். வேறு சாட்சி என்னிடம் இல்லை. வளைவுக் கல்லை உடைக்கச் சொல்லவில்லை. காணிக்கையைத் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லவும் நான் யார். அதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

ஆனால் அசனத்துக்கு முன்னால் நான் ஊரில் இருப்பேன். தலைச் சமையலுக்கு இந்தத் தடவை என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். அண்டாவைத் திறக்குமுன் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது, யார் கொடுத்தது, எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். இப்போது எனக்குக் கூச்சம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

எழுதி முடித்தது, தேக்காச் சந்தைக்கு வெளியே, ஞாயிறு மாலை ஐந்து இருபது. இது சரியான நேரம்.